குறுக்கே பேசாத காலை

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில், அழைப்புகளை எடுத்து வண்டி அனுப்பும் அவளுடைய வேகத்துக்குத் தனி மரியாதை இருந்தது. அந்த வேகமே அவளைக் கவிழ்த்தது.

ஒரு நாள் காலை, ஒரு தண்ணீர்த் தொட்டியருகே நடந்த ஒரே விபத்துக்கு அழைப்பு மேல் அழைப்பு. அடுத்து ஒருவர், "தண்ணித் தொட்டி பக்கத்துல..." என்று ஆரம்பித்தார். "தெரியும், வண்டி வந்துட்டே இருக்கு" என்று வைத்துவிட்டாள். அவர் சொல்ல வந்தது ஊரின் மறுகோடியில் இருந்த வேறு தொட்டி. மனிதர் மறுபடி அழைத்ததால் ஓர் உயிர் தப்பியது.

மேற்பார்வையாளர் நீட்டி முழக்கவில்லை. "லீவு போட்டுட்டு ஓய்வெடுங்க. திங்கட்கிழமை நானே ஒரு சோதனை அழைப்பு விடுவேன். அதுலயும் குறுக்கே பேசினீங்கன்னா, அப்புறம் ஸ்டோர் ரூம்தான்."

வீட்டிலும் அதே கதைதான்.

"என் நீலச் சட்டைய..." என்றான் கணவன்.

"அயர்ன் பண்ணி மாட்டியிருக்கேன்."

"இன்னிக்குப் போடலன்னு சொல்ல வந்தேன். என் வசனத்தையும் நீயே பேசிடுறே. வாயை வாடகைக்கு விட்டுடவா?"

கேட்டுக்கொண்டிருந்த நாத்தனார் கைப்பையைத் தூக்கினாள். அவள் நீச்சல் பயிற்சியாளர். பெரியவர்களையே தண்ணீரில் தள்ளிவிட்டுச் சிரிப்பவள். "கிளம்புங்க அண்ணி. ஏரிக்குப் போலாம். போன் வீட்லயே இருக்கட்டும்."

ஏரிக்கரையில் ஈரப் புல்லும் நாணலும்தான் இருந்தன. அவள் கண்ணோ, ஆம்புலன்ஸ் நுழையக் கரைப் பாதையின் அகலம் போதுமா என்று அளந்தது.

"மூச்சை நல்லா இழுத்து விடுங்க அண்ணி."

"மத்தவங்க மூச்சு விடுறாங்களான்னு கேக்குறதுதான்டி என் பொழைப்பே. நான் விட்டுட்டுதான் இருக்கேன், போதுமா?"

நாணலுக்குள் ஒரு பறவை குரல் கொடுத்தது.

"நீர்க்கோழி" என்றாள் உடனே.

"அது இன்னும் முடிக்கவே இல்ல. அதையும் பாதியில கட் பண்ணிட்டீங்களே!"

சுருக்கென்றது. நாத்தனாரை முறைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்தாள்.

பேச முடியாத ஆள் அழைத்தால் என்ன செய்வாள்? பின்னால் கேட்கும் சத்தங்களைப் பிடிப்பாள். மின்விசிறி, தொலைக்காட்சி, குழந்தையின் அழுகை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதில் அவளை மிஞ்ச ஆளில்லை. அதே காதை இப்போது ஏரியின் பக்கம் திருப்பினாள்.

கல்லைத் தண்ணீர் தொட்டு விலகுவது கேட்டது. நாணல்கள் உரசிக்கொண்டன. தூரத்தில் எதுவோ தண்ணீருக்குள் முங்கியது. பறவை மறுபடி ஆரம்பித்து, நிறுத்தியது. நாக்கு நுனிவரை வந்த பெயரை விழுங்கிவிட்டுக் காத்திருந்தாள். அப்போதுதான் வந்தது மீதி: நீளமாக, இறங்கி இறங்கிக் கரையும் ஒரு விசில். நீர்க்கோழியாவது, மண்ணாவது! அவள் இதுவரை கேட்டேயிராத பறவை அது.

காதுவரை ஏறியிருந்த தோள்கள் தாமாக இறங்கியிருந்தன.

"போலாமா அண்ணி? பசிக்குது."

"நீ வேணா போ."

மறுநாள் யாரும் இழுக்காமல் தானே போனாள்.

திங்கட்கிழமை மேற்பார்வையாளர் பக்கத்து அறையிலிருந்து அழைத்தார். குரலை மாற்றி, மூச்சு வாங்க நடித்தார். "ஹலோ... இங்க பாலத்துக்கிட்ட..."

பெரிய பாலமா, ரயில் பாலமா? கேள்வி தொண்டையில் முட்டியது. கேட்கவில்லை. "சொல்லுங்க, கேட்டுட்டு இருக்கேன்" என்று மட்டும் சொன்னாள். மௌனம் நீண்டது. அந்த மௌனத்துக்குள் சாய்ந்து உட்கார்ந்து, அவருடைய நாற்காலி கிறீச்சிடுவதைக்கூடக் கேட்டாள்.

"...பாலத்துக்கிட்ட இருந்து வந்துட்டோம். இப்ப பள்ளிக்கூட வாசல்ல நிக்குறோம்."

"பள்ளிக்கூடத்துப் பேர் சொல்லுங்க" என்றபடி வரைபடத்தில் விரலை வைத்தாள்.

மேற்பார்வையாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே வந்தார். "நான் விரிச்ச வலை நல்ல வலைதாங்க, நீங்கதான் விழல. சரி, இன்னிக்கே நீங்க..."

அவர் முடிக்கும்வரை அவள் நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"...உங்க சீட்ல உக்காரலாம்."

"உக்காந்துட்டுதான் சார் இருக்கேன்" என்றாள். அதற்குள் விளக்கு மின்னியது. நிஜமான அழைப்பு.

"ஆம்புலன்ஸ். சொல்லுங்க."