காஷ்மீர், வழி: சிக்கபள்ளாபூர்

பாகலூர் வெங்கடப்பனுக்குச் சின்ன வயதில் ஒரே ஆசைதான். வகுப்பில் மற்ற பிள்ளைகள் கலெக்டர், டாக்டர் என்று அடுக்கிக்கொண்டிருந்தபோது இவன் எழுந்து, "காஷ்மீருக்கு லாரி ஓட்டுவேன் சார்" என்றான். என்ன ஏற்றிக்கொண்டு போவாய் என்றார் வாத்தியார். "போறப்ப தக்காளி, வர்றப்ப ஆப்பிள்." தொழில் திட்டத்தோடு பதில் சொன்னவன் அந்த வகுப்பிலேயே இவன் ஒருவன்தான்.

வளர்ந்து லைசென்சும் எடுத்துவிட்டான். கல்யாணப் பேச்சில்தான் கதை நின்றது. "லாரி டிரைவருக்குக் கழுத்த நீட்டமாட்டேன். மாசத்துல ரெண்டு நாள் வீட்டுக்கு வர்ற ஆளக் கட்டிக்கிட்டு மத்த நாள் நான் சுவத்தோடயா பேசறது?" என்று கறாராகச் சொல்லிவிட்டாள் ரூபா. அவள் முகத்தைப் பார்த்த பிறகு காஷ்மீராவது ஒன்றாவது! ஓசூரில் லாரி செய்யும் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தான். புதிதாகச் செய்து முடித்த லாரியைக் காம்பவுண்டுக்குள்ளேயே இருக்கும் டெஸ்ட் டிராக்கில் ஓட்ட வேண்டும். பிரேக் பிடிக்கிறதா, கியர் விழுகிறதா, எங்காவது சத்தம் வருகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். இவன் சரி என்றால் லாரி ஊரைப் பார்க்கப் போகும். இவன் அடுத்த லாரியில் ஏறுவான்.

ஆசைப்பட்டவனுக்கு லாரி கிடைத்தது, ஊர்தான் கிடைக்கவில்லை. இதை வைத்துக்கொண்டு பதினாறு வருஷமாக அவன் ரூபாவைப் படுத்திய பாடு கொஞ்சமா? குழம்பு தண்ணியாக இருந்தால் காஷ்மீர். கரண்ட் போனால் காஷ்மீர். "அவனவன் ஊர் ஊரா ஓட்றான். நான் செக்குமாடாட்டம் ஒரே எடத்தச் சுத்தறேன். யாரால?" என்பான். முதலில் சண்டை போட்டாள், பிறகு சிரித்துச் சமாளித்தாள், கடைசியில் பாவம், நம்பியே விட்டாள். ஒரு மனுஷனின் ஆசையில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று தனியாக இருக்கும்போது அழவும் செய்தாள்.

அதனால் அவளே களத்தில் இறங்கினாள். புது லாரிகளை வெளியூர் ஷோரூம்களுக்கு ஓட்டிச்செல்ல ஆள் அனுப்பும் சென்னப்பன் அவளுக்குத் தூரத்து அண்ணன் முறை. அவனை நச்சரித்து, ஜம்முவுக்கு லாரி ஓட்டிப்போகும் வேலை ஒன்றைப் புருஷனுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டாள். சூப்பர்வைசர் அருள்ஜோசப்பும் லீவு கொடுத்தார்.

தெருவே வழியனுப்ப வந்தது. ஒருத்தி குங்குமப்பூ கேட்டாள், இன்னொருத்தி சால்வை கேட்டாள். மாலை போட்ட லாரியில் வெங்கடப்பன் புது மாப்பிள்ளையாக உட்கார்ந்திருந்தான்.

"இப்ப சந்தோசந்தானே?" என்றாள் ரூபா.

"இருக்காதா பின்ன?"

அத்திப்பள்ளி தாண்டும்வரை இருக்கவே செய்தது. பெங்களூர் நெரிசலில் பாதி கரைந்தது. தேவனஹள்ளிக்கு அப்புறம் ரோடு நேராக நீண்டதும்தான் விபரீதம் உறைத்தது. இந்த லாரியை விட்டு இறங்க முடியாது. கம்பெனியில் ஒன்று முரண்டு பிடிக்கும், ஒன்று கொஞ்சும், ஒன்று காரணமில்லாமல் முனகும். முனகல் எங்கே என்று கண்டுபிடித்து இறங்கினால் அடுத்தது தயாராக நிற்கும். இதுவோ ஒரு குறையும் இல்லாத லாரி. ஜம்மு வரைக்கும் இது ஒன்றேதான். வெங்கடப்பனுக்குக் கொட்டாவி கொட்டாவியாக வந்தது.

சிக்கபள்ளாபூரில் டீ குடித்துவிட்டுக் கிளம்பியபோது கேபினுக்குள் எங்கோ டிக் டிக் என்றது. அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மெதுவாக ஓட்டினான், வேகமாக ஓட்டினான், பள்ளத்தில் இறக்கிப் பார்த்தான். இடம் பிடிபடவில்லை. வேறு டிரைவராக இருந்தால் பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு போய்க்கொண்டே இருப்பான். இவன் லாரியைத் திருப்பினான். ஓசூர் வரும்வரை சீட்டியடித்துக்கொண்டே வந்தான்.

அருள்ஜோசப் நாலு பேரை விட்டுக் கேபினைக் குடைந்தார். சீட்டுக்கு அடியிலிருந்து, ரூபா ஆசையாகக் கட்டிக்கொடுத்த எள்ளுருண்டை டப்பா வெளியே வந்தது. மூடி சரியாக மாட்டவில்லை. நாலு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், எள்ளுருண்டையையும் காலி செய்தார்கள்.

"சரி, சத்தம் போயிடுச்சு. விடிஞ்சதும் கெளம்பிடு வெங்கடப்பா" என்றார் அருள்ஜோசப்.

வெங்கடப்பன் தலையைச் சொறிந்தான். "வேற ஆள அனுப்பச் சொல்லிடுங்க சார். நான் நாளைக்கே டூட்டிக்கு வந்துடறேன்."

"காஷ்மீர் காஷ்மீர்னு பறந்தியேப்பா?"

"அத்தன நாளும் ஒரே வண்டியா சார்? மனுசன் எப்படி சார் ஓட்றது?"

சூப்பர்வைசரிடம் சொல்லிவிடலாம். வீட்டில் சொல்ல வேண்டுமே. தெருமுனையில் குங்குமப்பூக்காரி கண்ணில் படாமல் பதுங்கி வீட்டுக்குள் நுழைந்தான். கதவைத் திறந்த ரூபா பதறிப்போனாள். டப்பா வரைக்கும் எல்லாவற்றையும் ஒப்பித்தான்.

"எனக்கு அந்த டிராக்குதான் புடிச்சிருக்கு ரூபா. ரொம்ப நாளாவே புடிச்சிருக்கும்போல. எனக்கே இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

ரூபா கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினாள்.

"அப்ப நான் உங்க வாழ்க்கையக் கெடுக்கல?"

"இல்ல."

"கெடுத்துட்டேன் கெடுத்துட்டேன்னு இத்தன வருசமா நான் அழுதனே, அது?"

அவனுக்கு வெட்கமாக இருந்தது. ரூபாவுக்கு முதலில் அழுகை வந்தது, பிறகு சிரிப்பு வந்தது, இரண்டும் முடிந்தபின் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கூடத்தின் நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"போயி தட்டு எடுத்துட்டு வாங்க. இன்னிக்கு எனக்கு நீங்க சோறு போடறீங்க."

வெங்கடப்பன் போட்டான். அவள் அவசரமே இல்லாமல் சாப்பிட்டாள், மறுசோறும் கேட்டாள்.