மிச்சம் இருபத்திரண்டு

எட்டாவது மாடியில் நின்றபோது லிஃப்ட் ஒரு நொடி நடுங்கியது. அவள் சுவரில் கை வைத்துப் பார்த்தாள். கூட நின்ற மேலாளர், "என்னம்மா, ஒருவேளை பழுதோ?" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். அலுவலகத்தில் அவளுக்கு அதுதான் பெயர்: ஒருவேளை. வீட்டிலும் தப்பவில்லை. காப்பியில் சர்க்கரை போட்டாயா என்று கேட்டால், போட்டிருப்பேன் என்பவள் என்று கணவன் சொல்லிக் காட்டுவான்.

லிஃப்ட்டின் பழுதை முன்கூட்டியே சொல்லும் நிரலை மூன்று வருடமாக எழுதிக்கொண்டிருந்தாள். மெக்கானிக்குகள் அதில் ஆம், இல்லை என்று மட்டும் பதிய வேண்டியதில்லை. எவ்வளவு சந்தேகம் என்றும் ஒரு கட்டத்தில் பதியலாம். அந்தச் சந்தேகக் கட்டத்தை எடு, இல்லாவிட்டால் வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன் என்று மேலாளர் அன்று கறாராகச் சொல்லிவிட்டார். அவள், நம் கட்டடத்து லிஃப்ட்டிலேயே பார்த்துவிடலாம் என்றாள்.

மெக்கானிக் மேலே போய்ப் பார்த்து வந்தார். மோட்டாரில் லேசான முனகல், மோட்டார் தண்டைத் தாங்கும் பேரிங் பக்கம் கொஞ்சம் சூடு, நிற்கையில் நடுக்கம். பேரிங் பழுதாக இருக்கலாம் என்ற சந்தேகத்துக்கு ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு நாற்பதுதான் போட்டார். ஐம்பதுக்குக் கீழே இருப்பதையெல்லாம் தள்ளிவிடும் பழைய நிரல், பழுதில்லை என்றது. அவளுடையது எதையும் தள்ளவில்லை. முதலில் நாற்பது. மிச்ச அறுபதில் நாற்பது சதம் சேர்ந்து அறுபத்து நான்கு. அதன் மிச்சம் முப்பத்தாறிலும் அப்படியே. எழுபத்தெட்டு: பேரிங்கைக் கழற்றிப் பார்க்கவும்.

"அப்ப மிச்சம் இருபத்திரண்டு?" என்றார் மேலாளர்.

"அது தெரியாது சார். தெரியாதுங்கறதையும் மறைக்காம சொல்லுது."

லிஃப்ட்டை நிறுத்தினார்கள். இரண்டு மணி நேரம். அந்த இருபத்திரண்டுதான் உண்மையாகி, பேரிங் முழுசாக இருந்தால் மூன்று வருடமும் போய், பட்டப்பெயர் மட்டும் மிஞ்சும். அவள் கணக்கைக் காகிதத்தில் மறுபடி போட்டுப் பார்த்தாள்.

மெக்கானிக் எண்ணெய்த் துணியை மேலாளரின் மேசைமேல் பிரித்தார். பேரிங்கின் இரும்பு வளையத்தில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒரு விரிசல், தலைமுடி கனத்தில்.

மேலாளர் அதை விரலால் தடவினார். "எத்தனை நாள் தாங்கியிருக்கும்?"

மெக்கானிக் அவளைப் பார்த்துச் சிரித்தார். "நிச்சயமா சொல்ல முடியாது சார்."

இந்த முறை அவளும் சிரித்தாள், கண்ணில் நீர் வர. மேலாளர் விரலில் ஒட்டிய எண்ணெயைத் துணியில் துடைத்தார். "அந்தக் கட்டம் அப்படியே இருக்கட்டும்மா."

மாலையில் எல்லோரும் படியில் இறங்கினார்கள். அவள் முன்னால் போனாள். எட்டு மாடி இறங்கி முடியும்வரை அத்தனை பேரின் காலடிச் சத்தமும் அவள் பின்னாலேயே வந்தது.