கொள்ளுத்தாத்தாவின் மனுக்கள்

இறந்துகிடந்த அப்பாவின் தலையைச் சீவிவிட்டுச் சீப்பை வைக்கக் குனிந்தபோதுதான் மூத்த மகள் கவனித்தாள். கட்டிலுக்கடியில் தகரப் பெட்டி இல்லை.

"பெட்டி எங்க அத்தை?"

"தம்பி இப்பத்தான் எடுத்துட்டுப் போனான். தாளுக்கெல்லாம் பிளாஸ்டிக் உறை ஒட்டி உங்கப்பாவைச் சுத்தி மாட்டப் போறானாம். வர்றவங்க பாக்கட்டும்னு."

பெட்டியில் இருந்தவை கொள்ளுத்தாத்தாவின் மனுக்கள். கிணறு கேட்டும், சாலை கேட்டும், சிறையிலிருக்கும் மகனைப் பார்க்க அனுமதி கேட்டும், எழுதத் தெரியாதவர்களுக்காக அவர் எழுதிக்கொடுத்தவற்றின் கைப்பிரதிகள். அரசு ஆவணக் காப்பகம் அவற்றை வாங்கிக்கொள்ளச் சம்மதித்து, அப்பாவும் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. ஆனால் தன் கையாலேயே கொண்டுபோய்க் கொடுப்பேன் என்று ஒரே பிடிவாதம். நெஞ்சுவலி முந்திக்கொண்டது.

அந்தக் காப்பகத்தில் பழைய தாள்களைச் செப்பனிடுவதுதான் அவள் வேலை. சூடுபடுத்தி ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிரித்தால் எழுத்தும் சேர்ந்து உரிந்து வரும். அப்படிப்பட்ட தாளைக் காப்பகம் சேர்த்துக்கொள்ளாது. பம்ப்செட் மெக்கானிக்கான தம்பிக்கு இது எங்கே தெரியும்? எதையும் இறுக்கி மூடினால் பத்திரம் என்று நினைப்பவன்.

"எங்கடி கிளம்பிட்ட? வண்டி வர்ற நேரம். பெத்த அப்பனைவிடக் காகிதம் பெருசாப் போச்சா?"

"அவருக்கே அதுதான் பெருசு அத்தை. வண்டியை நிக்கச் சொல்லுங்க."

துக்கம் கேட்க வந்தவர்கள் தெருவில் எதிர்ப்பட்டார்கள். அவர்கள் முகத்தைச் சோகமாக்கிக்கொள்வதற்குள் அவள் தாண்டிப் போய்விட்டாள்.

முக்கு ஜெராக்ஸ் கடையில் இயந்திரம் சூடேறியிருந்தது. ஒரு தாள் ஏற்கெனவே பளபளவென்று மேசையில் கிடந்தது. அடுத்ததை நீட்டிக்கொண்டிருந்தான் தம்பி. அவள் நேரே உள்ளே புகுந்தாள். சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினாள்.

"என்னக்கா?"

"இத ஒட்டுனா செத்துதுடா. காப்பகத்துல வாங்கவே மாட்டாங்க."

"தொட்டாலே பொடியுதுக்கா. பத்துப் பேர் கை பட்டா என்னாகும்? அதான்..."

அவன் கண்கள் சிவந்திருந்தன. நாலு வார்த்தை திட்டத்தான் வந்தாள், முடியவில்லை. பாவம், அவன் செய்ததும் பாசம்தான். பளபளத்த தாளை மட்டும் அவன் கையில் கொடுத்தாள்.

"இத நீ வச்சுக்க. மத்ததெல்லாம் இன்னிக்கே போகுது."

"இன்னிக்கா? அப்பாவை எடுக்க வேணாமா?"

"அப்பாவும் வருவாரு."

வீட்டில் அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். "சுடுகாட்டுக்குப் போற வண்டியை ஆபீஸ் வாசல்ல நிறுத்துவாங்களா? ஊர் சிரிக்காதா?"

"சிரிச்சா சிரிக்கட்டும்" என்றான் தம்பி. பெட்டியைத் தூக்கி அப்பாவின் காலருகே வைத்துவிட்டு, ஓட்டுநரிடம் காப்பகத்துக்கு வழி சொன்னான்.

காப்பக வாசலில் வண்டி நின்றது. பின்னால் வந்த சொந்தக்காரர்கள், இதென்ன கூத்து என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் பெட்டியோடு உள்ளே போனாள்.

வரவுப் பிரிவு அதிகாரி திடுக்கிட்டு எழுந்தார். "நீ எதுக்கும்மா வந்தே? இன்னிக்குப் போய்..."

"இதச் சேத்துக்கங்க சார்."

"மெதுவாச் செஞ்சுக்கலாமே. அப்பா தானே நேர்ல வந்து கொடுப்பேன்னு சொல்லிட்டிருந்தாரு..."

"வந்திருக்காரு சார். வெளியில வண்டியில."

அதிகாரி ஜன்னல் வழியே வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, மூடியைத் திறந்து, தாள்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். வெளியே யாரோ ஹாரன் அடித்தார்கள். அவர் அவசரப்படவில்லை. அவளும் அவசரப்படுத்தவில்லை.

ரசீது எழுதி முத்திரை குத்தியதும் அவர் அதை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொள்ளாமல் வாசலைப் பார்த்தாள்.

அதிகாரி ரசீதோடு வெளியே நடந்தார். அவர் வருவதைப் பார்த்ததும் தம்பி வண்டியின் பின்கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றான்.