கரி இருமிய நட்சத்திரம்

கிழட்டு நட்சத்திரம் ஒன்று சாயப்பட்டறையின் புகைபோக்கி மேல் வந்து உட்கார்ந்தது செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு. சிவந்து ஊதிப்போய் ஆறு வீட்டுக் கூரை அகலம் இருந்தது. வெயிலில் கிடந்த தகரத்தின் சூடுதான். ஓயாமல் இருமியது; இருமும்போதெல்லாம் கரி கொட்டியது. வெள்ளைத் துணி காயப்போட வழியில்லாததால், கறுப்புச் சாயம் மட்டும் போடுங்கள் என்றார் முதலாளி.

ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த விஞ்ஞானி அம்மாள் விளக்கினாள்: உள்ளே ஹீலியம் அணுக்கருக்கள் முட்டிக்கொள்கின்றன, இரண்டு ஒட்டினால் அந்தக் கணமே பிரிந்துவிடும், அதற்குள் மூன்றாவது வந்து இடித்தால்தான் கரியாகி நிலைக்கும், நம் உடம்பில் இருக்கும் கரியும் இப்படி ஏதோ நட்சத்திரத்தில் வெந்ததுதான். வெடிக்குமா என்று கேட்டபோது மட்டும் காகிதத்தைப் புரட்டினாள். நகராட்சி தெருவைக் காலி செய்யச் சொன்னது.

பட்டறைப் பாய்லர்காரன் வீடு புகைபோக்கிக்கு நேர் கீழே. பெண்டாட்டிக்கு எட்டு மாதம். அசைந்தால் பிள்ளை தங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பன்னிரண்டு வருஷத்தில் மூன்று முறை பிரிந்து சேர்ந்தவர்கள். "நம்ம கதைதான் அதுக்குள்ளயும் ஓடுது போல. மூணாவது வந்தாத்தான் ஒட்டும்" என்று அவள் படுத்தபடியே சிரித்தாள்.

அவள் தம்பி வேனோடு வந்து நின்றான். "மாமா, தலைக்கு மேல குண்டை வச்சுக்கிட்டுத் தூங்குவீங்களா? அக்காவைத் தூக்குங்க."

"வேன் ஆட்டத்துல போற உசுரு திரும்பி வருமாடா? இரு, கேட்டுட்டு வர்றேன்."

ஏணி வைத்து ஏறி நட்சத்திரத்தின் வயிற்றில் காதை வைத்தான். இருபது வருஷமாகப் பாய்லர் பார்ப்பவன். வெடிக்கப்போகும் பாய்லர் மூச்சை அடக்கிக்கொண்டு கிண்ணென்று இருக்கும். இதுவோ புஸ்புஸ்ஸென்று விட்டுக்கொண்டே இருந்தது. முகமெல்லாம் கரியோடு இறங்கி வந்தான்.

"வெடிக்கிற ரகம் இல்லடா. ஊதி ஊதியே அடங்கிடும்."

"அடங்கலேன்னா?"

"அப்ப நீ என்னைத் திட்ட முடியாது. நீயும் இருக்க மாட்டே."

மச்சினன் தலையில் அடித்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். முப்பத்தொரு நாள் நட்சத்திரம் தோல் தோலாக உரிந்து காற்றில் போயிற்று. மறுநாள் காலை புகைபோக்கி மேல் மிஞ்சியது எலுமிச்சம்பழ அளவு வெள்ளைக் கல். அதே காலையில் பெண் குழந்தை பிறந்தது. அதன் அழுகுரல் கேட்டதும் பாய்லர்காரன் துண்டை எடுத்து முகத்துக் கரியைத் துடைத்தான். மச்சினன் பக்கத்தில் போய், "உங்க காது நல்ல காதுதான் மாமா" என்று மட்டும் சொன்னான்.

வெள்ளைக் கல்லை எட்டுப் பேர் சேர்ந்தும் அசைக்க முடியவில்லை. பட்டறை வேறு புகைபோக்கி கட்டிக்கொண்டது. வருஷாவருஷம் குட்டி நட்சத்திரங்கள் முளைக்கும் குப்பைமேட்டிலும் அந்தக் கரி படிந்திருந்தது. அடுத்த வருஷம் முளைத்தவை முன்பு முளைத்தவைபோல் சுத்தமாக இல்லை. கொஞ்சம் அழுக்கும் கனமுமாக இருந்தன. அதற்கடுத்த வருஷத்தவை இன்னும் கனம். அவற்றை அள்ளிப்போகும் குப்பை வண்டிக்கு நகராட்சி இரண்டு ஆள் கூடுதலாகப் போட்டது.