வளையத்தை அறுத்தவள்

எங்கள் பைண்டிங் கூடத்தில் ஒருத்தனுடைய கல்யாணத்தைப் பற்றிப் பதினான்கு வருஷம் சண்டை நடந்தது. அவன் நிஜமான ஆள் இல்லை. ஜப்பான்காரர் ஒருவர் விடாமல் வரைந்துகொண்டிருந்த மாங்கா படக்கதையின் நாயகன். வருஷத்துக்கு மூன்று புத்தகம் தமிழில் அச்சாகி, பெரிய பெரிய தாள்களாக எங்களிடம் வரும். மடித்து, அடுக்கி, முதுகில் பசை போட்டு, ஓரம் வெட்டி லாரியில் ஏற்றிவிடுவோம்.

கதைக்குள் அவனுக்கு ஒரு பெயர் உண்டு. எங்கள் வாய்க்கு அது சரிப்படவில்லை. கடலில் முங்கி, மூழ்கின கப்பல்களிலிருந்து சாமான் எடுக்கிறவன் என்பதால் நீச்சல்காரன் என்று வைத்துக்கொண்டோம். முதல் புத்தகத்தில் சிறைக் கப்பலிலிருந்து குதித்துத் தப்பும்போதே அவன் இடது கணுக்காலில் ஓர் இரும்பு வளையம் இருந்தது. நாற்பது புத்தகம் வரை அது கழலவில்லை. அவன் தூங்கினாலும் ஓடினாலும் கால் தெரிகிற படத்தில் வளையமும் இருக்கும். வரைகிறவர் ஓர் இடத்தில்கூட அதை மறந்ததில்லை.

அவனைச் சுற்றி இரண்டு பெண்கள். ஒருத்தி கொல்லுப்பட்டறை வைத்திருப்பவள், சுத்தியல்காரி. இன்னொருத்தி வைத்தியக்காரி, வளையம் உரசி உண்டான புண்ணுக்கு மருந்து வைக்கிறவள். இரண்டு பேரில் யாரோடு அவன் சேரவேண்டும் என்பதில்தான் எங்கள் கூடம் சுத்தியல் கட்சி, மருந்துக் கட்சி என்று இரண்டாகப் பிரிந்து கிடந்தது. நான் மருந்துக் கட்சி. கட்டிங் மெஷினில் நிற்பதால் எனக்குக் கத்தி என்று பெயர். பசை மெஷின் ஓட்டுகிற பசை அண்ணன் சுத்தியல் கட்சி. அந்தக் கட்சியின் தலைவர் சாட்சி அக்கா.

சாட்சி அக்கா அடுக்கு மேசையில் வேலை பார்ப்பவர். ஒரு தாளை மடித்தால் பதினாறு பக்கம் வரும். அதற்கு ஃபாரம் என்று பெயர். பன்னிரண்டு ஃபாரத்தை நீள மேசையில் வரிசையாகக் குவித்து வைத்திருப்போம். விரலில் ரப்பர் உறை மாட்டிக்கொண்டு, மேசை ஓரமாக நடந்து, குவியலுக்கு ஒன்றாக எடுத்து அடுக்க வேண்டும். ஒரு சுற்று நடந்தால் ஒரு புத்தகம். சாயங்காலம் வரை நடந்தால் கணுக்கால் வீங்கிப் போகும். அக்காவுக்கு முட்டியும் போயிருந்தது. ஆனாலும் அவர் கையில் ஃபாரம் மாறி நான் பார்த்ததில்லை.

அக்கா எதைச் சொன்னாலும் புத்தகமும் பக்கமும் சேர்த்துத்தான் சொல்வார். அதனால்தான் அந்தப் பெயர். சாப்பாட்டு நேரத்தில் காகிதக் கட்டுகள் மேல் உட்கார்ந்து டப்பாவைத் திறந்ததும் வழக்கு ஆரம்பிக்கும்.

"சுத்தியல்காரி அவன்கிட்ட நல்லதா ஒரு வார்த்தை பேசியிருக்காளா? எப்பப் பாரு திட்டு," என்பேன் நான்.

"இருபத்தாறாம் புத்தகம், நாலாவது ஃபாரம். அவன் சேத்துல மாட்டிக்கிட்டப்போ கயிறு போட்டது யாரு?"

"கயிறு போட்டா கல்யாணமா? அப்போ லாரிக்குக் கயிறு கட்டுறவனுக்கெல்லாம் எத்தனை பொண்டாட்டி இருக்கணும்?"

"உன் பொண்டாட்டி உன்னைத் திட்டாத நாள் உண்டா? அவ என்ன உன்னை விட்டுட்டா போயிட்டா?"

கூடமே சிரிக்கும். நான் டப்பாவுக்குள் தலையை விட்டுக்கொள்வேன்.

அக்காவின் மகள் நர்ஸ் படிப்பு படிக்கிறாள். அவள் மருந்துக் கட்சி. "வீட்டுக்குள்ளயே எதிர்க்கட்சியை வளர்த்து வச்சிருக்கேன். நேத்து பேச்சு முத்திப் போய், பாத்திரம் கழுவாமப் படுத்துட்டா," என்று அக்கா பெருமையாகக் குறைப்பட்டுக்கொள்வார்.

ஒரு விஷயம் எனக்கு மறக்காது. முப்பத்து மூன்றாம் புத்தகம் வந்த சமயம், எங்கள் கட்சி பேச ஒன்றும் இல்லாமல் வாயடைத்துக் கிடந்தது. அக்காதான் ஒரு கழிவு ஃபாரத்தைக் கொண்டுவந்து என் மடியில் போட்டார். "மூலையில பாரு. கூட்டத்துல எல்லாரும் வாணவேடிக்கையைப் பாக்குறாங்க. அவன் மட்டும் வைத்தியக்காரியைப் பாக்குறான். இதைக்கூட கவனிக்காம நீங்கள்லாம் ஒரு கட்சி." எதிராளிக்கு ஆயுதம் எடுத்துக் கொடுக்கிற ஆளை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. நான் வளர்ந்த இடத்தில் அப்படி ஒருத்தர் இருந்தால் கிறுக்கு என்று சொல்லியிருப்பார்கள்.

நாற்பதாம் புத்தகத்தில் அக்கா ஒரு தப்பு செய்தார். ஏழாவது ஃபாரத்தில் வந்த பக்கம் மூன்றாவது ஃபாரத்திலும் இருக்கிறது, தாள் மாறிவிட்டது என்று வேலையை நிறுத்தச் சொன்னார். ஃபோர்மேன் எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தார். தப்பு ஒன்றும் இல்லை. நீச்சல்காரன் பழசை நினைத்துப் பார்ப்பதாக, வரைகிறவர் அதே பக்கத்தை வேண்டுமென்றே மறுபடி போட்டிருந்தார். ஒரு மணி நேரம் போனது. லாரி காத்திராமல் போய்விட்டது. ஃபோர்மேன் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "இன்னொரு தடவை கதையைப் பாத்துட்டு வேலையை நிறுத்தினா நேரா கீழ கிடங்குக்குத்தான்."

கீழே கிடங்கு என்பது கழிவுக் காகிதம் கட்டுகிற இடம். அந்தக் கட்டுகளை முதுகில் சுமந்து இரண்டு மாடி ஏற வேண்டும். அக்காவின் முட்டிக்கு அது ஒரு மாதம் தாங்காது. வேலையை விட்டுப் போ என்று சொல்வதற்குப் பதிலாக எங்கள் இடத்தில் அப்படித்தான் சொல்வார்கள்.

அதற்குப் பிறகுதான் நாற்பத்தொன்றாம் புத்தகம் வந்தது. அதுதான் கடைசிப் புத்தகம்.

அன்று எல்லோருடைய போனையும் வாங்கிப் பூட்டி வைத்தார்கள். முடிவு வெளியே போகக்கூடாதாம். இரண்டாயிரம் பிரதி. நாலு மணிக்கு லாரி. காலையிலிருந்து அக்கா கண்ணை ஃபாரத்தின் முதுகிலேயே வைத்துக்கொண்டு நடந்தார், படத்தைப் பார்க்கவில்லை. பதினான்கு வருஷம் காத்திருந்ததை நடக்கிற நடையில் படிக்க அவருக்கு இஷ்டமில்லை.

பதினோரு மணிக்கு முதல் நாற்பது பிரதி பசை காய்ந்து என்னிடம் வந்தது. ஓரம் வெட்டினேன். ஒன்றை எடுத்து ஃபோர்மேன் அக்காவிடம் கொடுத்து, "புரட்டிப் பாத்துச் சொல்லு. கதை வேண்டாம், ஃபாரம் மட்டும் பாரு," என்றார். குறை கண்டுபிடிக்க அந்தக் கண்ணை விட்டால் ஆள் இல்லை என்பது அவருக்கும் தெரியும்.

அக்கா புரட்டினார். பசை அண்ணன் மெஷினை விட்டுவிட்டு வந்து தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். பத்தாவது ஃபாரத்தில் நீச்சல்காரன் வைத்தியக்காரியின் படகுக்கு வருகிறான். இருவரும் பேசவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து கடலைப் பார்க்கிறார்கள். பதினோராவதில் அவன் கொல்லுப்பட்டறைக்குப் போகிறான். சுத்தியல்காரி அவன் காலைப் பட்டடைக் கல் மேல் தூக்கி வைத்து, உளி வைத்து, ஒரே அடியில் அந்த வளையத்தை அறுக்கிறாள். நாற்பது புத்தகமாக இருந்த வளையம். பன்னிரண்டாவதில் பல வருஷம் கழித்து, நரைத்த தலையோடு அவன் ஒரு வீட்டுக்கு வருகிறான். கதவைத் திறக்கிற பெண்ணின் கை மட்டும் தெரிகிறது. முற்றும்.

"ஜெயிச்சாச்சு," என்றார் பசை அண்ணன். "வளையத்தை அறுத்துட்டு நேரா வீடு. வேற யாரு கை அது? டேய் கத்தி, உன் வைத்தியக்காரி படகுலயே உக்காந்து மீன் பிடிக்கட்டும்."

சுத்தியல் கட்சி முழுக்க வந்து அக்காவின் முதுகைத் தட்டியது. எனக்கு வயிறு எரிந்தது. பொய் சொல்லவில்லை. காகிதத்தில் இருக்கிற ஒருத்தனுக்காக, இரண்டு பிள்ளைக்குத் தகப்பனான எனக்கு வயிறு எரிந்தது.

அக்கா சிரிக்கவில்லை. பின்னால் புரட்டினார். முன்னால் புரட்டினார். ரசித்து ரசித்துப் பார்க்கிறார் என்று நினைத்தேன். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"கத்தி, இங்க வா. இந்தப் படகுல அவன் காலைப் பாரு."

கீழ் மூலையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கட்டம். படகின் ஓரத்தில் அவன் கால் தண்ணீரில் தொங்குகிறது. இடது கால். கணுக்காலைச் சுற்றி வெயில் படாத தோல் வெள்ளையாக ஒரு பட்டை. வளையம் இல்லை.

"அடுத்த ஃபாரத்துலதானே வளையத்தை அறுக்குறா," என்றேன்.

"அதான். அறுக்குறதுக்கு முன்னாடியே எப்படிக் காணோம்?"

எனக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆனது. ஃபாரம் இரண்டும் இடம் மாறியிருந்தன. முதலில் சுத்தியல்காரி வளையத்தை அறுக்க வேண்டும். அதன் பிறகு அவன் வெறும் காலோடு வைத்தியக்காரியின் படகுக்குப் போக வேண்டும். அங்கிருந்து வீடு. கதவைத் திறந்த கை என் கட்சிக்காரியுடையது.

பசை அண்ணன் அக்காவின் காதருகே குனிந்தார். "வரையிறவருக்குக் கடைசியில மறதி வந்திருக்கும், விடும்மா."

"நாப்பது புத்தகத்துல வராத மறதியா?"

"நம்ம ஜெயிச்சிருக்கோம். பதினாலு வருஷம் கத்தினது நீ. இப்போ நீயே போய் அதைக் கெடுப்பியா? அதுவும் எதுக்கு, கிடங்குல மூட்டை தூக்கவா?"

அக்கா புத்தகத்தை மூடி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். அடுக்கு மேசையில் மற்றவர்கள் நடந்துகொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் தப்பான புத்தகம் ஒன்று கூடிக்கொண்டிருந்தது.

நான்தான் வாயைத் திறந்தேன். "அக்கா, மாத்தினா லாபம் எனக்குத்தான். அதனால நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். உங்க இஷ்டம்."

"யோசிக்கிறேன்பா," என்றார். முட்டியை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். பிறகு நேராக ஃபோர்மேனிடம் போனார்.

"பத்தும் பதினொண்ணும் மாறியிருக்கு. நிறுத்தணும்."

ஃபோர்மேன் ஒரு பிரதியை எடுத்து முதுகைப் பிரித்துக் காட்டினார். ஒவ்வொரு ஃபாரத்தின் முதுகிலும் ஒரு கறுப்புக் கோடு இருக்கும். சரியாக அடுக்கினால் கோடுகள் படிக்கட்டு மாதிரி இறங்கும். "படிக்கட்டு சரியா இறங்குது. எங்க மாறியிருக்கு?"

"அச்சுல ஃபாரத்துக்கு நம்பர் போட்டவங்களே மாத்திப் போட்டிருந்தா படிக்கட்டு சரியாத்தான் இறங்கும். படம் ஓரம் வரைக்கும் ஓடுறதால இந்த ரெண்டு ஃபாரத்துலயும் பக்க எண்ணும் கிடையாது. தலைப்பும் கிடையாது. காலைப் பாருங்க."

"போன தடவையும் பக்கத்தைப் பாருங்கன்னுதான் சொன்ன."

"போன தடவை நான் சொன்னது தப்பு."

"இப்பவும் தப்பா இருந்தா?"

"கிடங்குக்குப் போறேன்," என்றார் அக்கா. சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் மேசையில் நடந்துகொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள்.

ஃபோர்மேன் அக்காவை ஏற இறங்கப் பார்த்தார். "நீ எந்தக் கட்சி?"

எனக்கு ஆச்சரியம். பதினான்கு வருஷமாக அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"சுத்தியல்."

"மாத்தினா யாருக்கு?"

"மருந்துக்கு."

ஃபோர்மேன் மெஷினை நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கிவிட்டுக் கண்ணாடி அறைக்குள் போய்ப் பதிப்பகத்துக்குப் போன் போட்டார். மூலப் புத்தகம் மொழிபெயர்ப்பாளர் வீட்டில் இருந்தது. அவர் திரும்பக் கூப்பிட நாற்பது நிமிஷம் ஆனது. மெஷின் நின்ற கூடத்தில் பசை கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அக்கா உட்காரவில்லை. ரப்பர் உறையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக நின்றார். பசை அண்ணன் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து, அக்கா பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

கண்ணாடி அறையில் போன் அடித்தது. ஃபோர்மேன் கேட்டார், தலையாட்டினார், ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதினார். வெளியே வந்து கூடம் முழுவதற்கும் சொன்னார். "ஒன்பதுக்கு அப்புறம் பதினொண்ணு, அப்புறம் பத்து. அடுக்கினதை எல்லாம் பிரிங்க."

அக்காவிடம் அவர் மன்னிப்பு கேட்கவில்லை, பாராட்டவும் இல்லை. அதெல்லாம் எங்கள் கூடத்தில் வழக்கமும் இல்லை. ஃபோர்மேன் தன் அறையிலிருந்த ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து அடுக்கு மேசையின் தலைமாட்டில் போட்டார். "நீ நடக்க வேண்டாம். இங்க உக்காந்து வர்றதைப் பாரு," என்று சொல்லிவிட்டு லாரிக்காரனைச் சமாளிக்கப் போனார்.

லாரி ஆறு மணிக்குப் போனது. மிஞ்சியது அந்த நாற்பது தப்புப் பிரதி. குறுக்கே வெட்டிக் கழிவில் போடச் சொன்னார்கள். முப்பத்தொன்பதை மெஷினில் அடுக்கிவிட்டு ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு அக்காவிடம் போனேன்.

"இது யாருக்கும் தெரியாது. வச்சுக்குங்க. உலகத்துலயே இது ஒண்ணுலதான் உங்க ஆளு ஜெயிச்சிருக்கா."

அக்கா வாங்கிப் பட்டறைப் பக்கத்தைத் திறந்தார். உளி இறங்குகிற படத்தை விரலால் ஒரு தடவை தடவினார். பிறகு முந்தின ஃபாரத்துக்குப் புரட்டி, படகு ஓரத்தில் தொங்குகிற வெறும் காலைப் பார்த்தார். புத்தகத்தை என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"இதை எப்படிப்பா படிக்கிறது? வெட்டு."

நாற்பதையும் மெஷினில் அடுக்கி, தாள் நகராமல் பிடிக்கிற அழுத்துக் கட்டையை இறக்கினேன். என் கட்சி ஜெயித்த நாள். ஆனால் கூடத்தில் யாரும் என் முதுகைத் தட்டவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. அக்காவை மாதிரி ஒரு காரியத்தை என்னால் செய்திருக்க முடியுமா என்று யோசித்தேன். முடியாது. பசை அண்ணன் சொன்ன மறதிக் கதையை நானும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருப்பேன்.

"வீட்டுல பொண்ணுகிட்ட என்ன சொல்வீங்க?" என்று கேட்டேன்.

"புத்தகம் கடைக்கு வர்ற வரைக்கும் ஒண்ணும் சொல்ல முடியாது. அதுவரைக்கும் அவளோட சண்டை போட்டுத்தான் ஆகணும், திடீர்னு விட்டுக் கொடுத்தா சந்தேகம் வரும்." பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நாலு அடி நொண்டி நடந்தவர், வாசலில் நின்று திரும்பினார்.

"ஆனா ஒண்ணு கேக்குறேன் கத்தி. அவன் அவகிட்டத்தான் போனான், சரி. நடந்து போற மாதிரி காலை விடுவிச்சது யாரு?"

"அக்கா, கதை முடிஞ்சுபோச்சு."

"கதைதானே முடிஞ்சுது. நாளைக்குச் சாப்பாட்டு நேரத்துல வா, பேசுவோம்."

நான் கட்டிங் மெஷினின் இரண்டு பொத்தானையும் சேர்த்து அழுத்தினேன். கத்தி இறங்கியது.