கோப்பில் மணமாகாதவள்

"மூச்சை உள்ள இழு. இன்னும். இன்னும் கொஞ்சம்."

கைரா பல்லைக் கடித்துக்கொண்டு துணியை இழுத்தாள். பழைய படுக்கை விரிப்பை நீளவாக்கில் கிழித்து மடித்த பட்டை அது. வஸீலாவின் ஆறு மாத வயிற்றை ஏற்கெனவே இரண்டு சுற்று சுற்றியாகிவிட்டது. மூன்றாவது சுற்றுக்கு மாமியார் தன் முழங்காலை மருமகளின் இடுப்பில் ஊன்றிக்கொண்டாள்.

"வலிக்குது, யெம்மா."

"கொஞ்ச நேரந்தானே. நாங்கல்லாம் வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டு கோதுமை அறுத்தவங்க."

"அறுத்தீங்க. வயித்தைக் கட்டிக்கிட்டு அறுக்கலையே."

கைரா முடிச்சை இறுக்கி, மேலே கறுப்பு நிறத் தொளதொள அங்கியைப் போட்டுவிட்டு, இரண்டடி பின்னால் தள்ளி நின்று தையல்காரி மாதிரி தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"தெரியல. முன்னாடி பாத்தா தெரியல. பக்கவாட்டுல மட்டும் திரும்பாத."

கதவுக்கு வெளியே லக்தர் வண்டிச் சாவியைக் குலுக்கினான். "முடிஞ்சுதா இல்லையா? லேட்டா போனா அதையே சாக்கா வச்சு பேரை அடிச்சிருவாளுக."

தியாரெத் ஊரில் வேலை தேடுகிறவர்களின் பெயரைப் பதியும் அலுவலகத்திலிருந்து, நாலு நாள் முன்பு வஸீலாவின் செல்போனுக்கு ஒரு வரிச் செய்தி வந்திருந்தது. நிலைமையைச் சரிபார்க்க நேரில் வரவும். அவ்வளவுதான். ஆனால் அந்த அலுவலக வாசல் காவலாளி லக்தருடன் ஒன்றாகப் படித்தவன். அவன் மீதியைச் சொன்னான். யாரோ ஒரு பெண் போன் செய்திருக்கிறாள். உங்கள் பட்டியலில் இருக்கும் வஸீலா கல்யாணமானவள், புருஷன் சம்பளக்காரன் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாளாம்.

அன்றிலிருந்து கைராவுக்கு அடுப்பும் ஓடவில்லை, தொழுகையும் ஓடவில்லை. "மேல் மாடி ஹூரியாதான். வேற யாரு? ரவை கேக்குற சாக்குல வந்து இவ நடையப் பாத்துட்டுப் போனா. 'ஆம்பளப் புள்ளதான், கைரா'ன்னு வேற சொன்னா. அவ மக பேரை அடிச்சுட்டாங்கல்ல, அந்த எரிச்சல்."

வஸீலா எதுவும் சொல்லவில்லை. அந்த வீட்டில் அவள் எதுவும் சொல்லாமலிருப்பது யாருக்கும் வித்தியாசமாகப் படுவதில்லை.

அந்தப் பட்டியலில் இருக்கும் வேலையில்லாதவர்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் பணம் கொடுக்கும். வஸீலா கல்யாணத்துக்கு முன்பிருந்தே வாங்கிக்கொண்டிருந்தாள். அதற்கென்று விதிகள் உண்டு. நாற்பது வயதைத் தாண்டக்கூடாது. வேறு வருமானம் கூடாது. கொடுக்கிற வேலையை இரண்டு தடவை வேண்டாமென்று சொல்லக்கூடாது. கூப்பிட்டால் போய் நிற்க வேண்டும். இதிலெல்லாம் அவளுக்குச் சிக்கல் இல்லை. கல்யாணமாகியிருந்தால் புருஷனுக்கும் வருமானம் இருக்கக்கூடாது என்று ஒரு விதி. லக்தர் மாவு மில்லில் எடை போடுகிறவன். சம்பளச் சீட்டு உண்டு, காப்பீட்டு எண் உண்டு.

அதனால் அந்தக் குடும்பம் ஊரில் பல குடும்பங்கள் கண்டுபிடித்திருந்த குறுக்கு வழியில் போனது. இமாமை வீட்டுக்கு அழைத்து, பாத்திஹா ஓதிக் கல்யாணத்தை முடித்தார்கள். கூஸ்கூஸ் விருந்து போட்டார்கள். ஹாரன் அடித்துக்கொண்டு கார்கள் ஊரைச் சுற்றி வந்தன. அல்லாவுக்கும் ஊருக்கும் தெரிய அவள் லக்தரின் மனைவி. நகராட்சியில் மட்டும் பதியவில்லை.

"நகராட்சிக் கம்ப்யூட்டரும் அந்த ஆபீஸ் கம்ப்யூட்டரும் ஒண்ணுக்கொண்ணு பேசிக்கும்" என்று லக்தர் அவளுக்கு விளக்கினான். "இங்க எழுதுன அன்னிக்கே அங்க பணம் நின்னுடும். வண்டித் தவணை முடியட்டும். ஒரு நாள் போய் பதிஞ்சுட்டா போச்சு."

மூன்றாவது மாதத்தில் பிரசவ ஆஸ்பத்திரியில் பெயர் பதியப் போனபோது, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்த பெண், கல்யாணத்தைப் பதிந்தால் நகராட்சி தரும் குடும்பப் புத்தகத்தைக் கேட்டாள். இல்லை என்றதும் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அப்ப புள்ளை தாய் பேருலதான் ஏறும்" என்றாள்.

வஸீலா அதை வீட்டில் சொன்னாள். லக்தர், "பொறக்கட்டும், பாத்துக்கலாம்" என்றான். கைரா, "ரெண்டு சாட்சிய கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போனா எப்ப வேணும்னாலும் எழுதிக்கலாம்" என்றாள்.

எப்ப வேணும்னாலும் என்பது அந்த வீட்டில் எப்படிப்பட்ட சொல் என்று வஸீலாவுக்குத் தெரியும். லக்தரின் அண்ணன் ஸாதெக்கும் இப்படித்தான் பாத்திஹா மட்டும் ஓதி, சூகெர் ஊர்ப் பெண் ஒருத்தியுடன் ஒன்றரை வருடம் வாழ்ந்தான். பிறகு பிரான்ஸுக்குப் போனான். அங்கிருந்து, எந்தக் கல்யாணம் என்று கேட்டான். சாட்சிகளில் ஒருவர் இறந்துவிட்டார், இன்னொருவருக்கு ஞாபகம் வரவில்லை. அவர்களுக்குப் பிறந்த பையன் இன்று பள்ளிக்கூடத்தில் தாய்வழித் தாத்தாவின் பெயரோடு உட்கார்ந்திருக்கிறான். கைரா அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் ஒரே வரியில் முடிப்பாள். "அவ குணம் சரியில்ல."

வண்டியில் லக்தர் பாடம் சொல்லிக்கொடுத்தான்.

"கல்யாணமாச்சான்னு கேப்பாங்க. இல்லன்னு சொல்லு. யாரோ பொறாமையில சொல்லியிருக்காங்கன்னு சொல்லு. நான் யாருன்னு கேட்டா அண்ணன்னு சொல்லிக்கலாம்."

"அண்ணனா?"

"ஆமா. தனியா ஆபீஸுக்கு வராத பொண்ணுன்னு அவங்களுக்கும் ஒரு மரியாதை இருக்கும்ல."

"உங்களுக்குச் சங்கடமா இல்லையா?"

"வாயால சொல்றதுதானே புள்ள. சொன்னா அண்ணனா ஆயிருவேனா?"

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். பட்டை விலா எலும்புக்குக் கீழே வெட்டிக்கொண்டிருந்தது. உள்ளே குழந்தை ஒரு தடவை உதைத்துவிட்டு, இடமில்லாததாலோ என்னவோ, சும்மா இருந்துவிட்டது.

அலுவலகக் கூடத்தில் உட்கார நாற்காலி இல்லை. முப்பது பேருக்குமேல் சுவரோரமாக நின்றிருந்தார்கள். பாதி பேர் கையில் தையல் பயிற்சிச் சான்றிதழ், கணக்குப் பயிற்சிச் சான்றிதழ். அவற்றை வைத்துக்கொண்டு யாருக்கும் வேலை கிடைத்ததாகத் தெரியவில்லை. ஆனால் அவை இல்லாவிட்டால் பெயர் போய்விடும் என்று ஒரு வதந்தி.

"எனக்குப் போன தடவை ஒரு வேலை குடுத்தாங்க" என்று மஞ்சள் முக்காடு போட்ட பருத்த பெண் ஒருத்தி பொதுவாக எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். "எண்பது கிலோமீட்டர் தூரத்துல கோழிப்பண்ணை. பஸ்ஸு கெடையாது. வேண்டாம்னு எழுதிக் குடுன்னாங்க. இன்னொரு தடவை வேண்டாம்னா நான் சோம்பேறியாம். கோழிக்கு இருக்குற மரியாதை நமக்கு இல்லடி."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். சிரிக்கக்கூடத் தெம்பில்லாத சிரிப்பு.

வஸீலாவுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்தாள். "பாத்ரூம் போயிட்டு வரேன்" என்றாள். லக்தர் தலையாட்டினான். அவன் கண் செல்போனில் இருந்தது.

தாழ்ப்பாள் சரியில்லாத அந்தச் சிறிய அறையில் முதுகைக் கதவில் சாய்த்துக்கொண்டு அங்கியைத் தூக்கினாள். கைராவின் முடிச்சு லேசில் அவிழவில்லை. நகம் ஒடிந்தது. கடைசியில் பட்டை தளர்ந்து விழுந்தபோது, வெகு நேரம் தண்ணீருக்குள் இருந்துவிட்டு வெளியே வந்தவள் மாதிரி மூச்சு வந்தது. துணியைச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டாள். முகம் கழுவினாள். வெளியே வந்து லக்தரின் பக்கத்தில், பக்கவாட்டாகவே நின்றாள்.

அவன் பார்க்கவில்லை. மஞ்சள் முக்காட்டுக்காரி பார்த்துவிட்டாள்.

அவர்கள் முறை வந்தது. மேசைக்குப் பின்னால் நஸீமா மேடம். கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். காப்பி ஆறி ஆடை கட்டியிருந்தது. குரலில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. ஒரே கேள்வியை ஒரு நாளில் நூறு தடவை கேட்கிறவளின் குரல்.

"வஸீலா. மணமாகாதவர்னு இருக்கு. மணமானவர்னு தகவல் வந்திருக்கு. எது சரி?"

வஸீலா வாயைத் திறக்குமுன் லக்தர் முந்திக்கொண்டான். "பொய்த் தகவல் மேடம். அக்கம்பக்கத்துப் பொறாமை."

"நீங்க யாரு?"

"அண்ணன்."

அவன் அதைத் தடுமாறாமல் சொன்னான். வஸீலா அவன் முகத்தைப் பார்த்தாள். எட்டு மாதம் ஒரே தலையணையில் பார்த்த முகம். ஒரு ரோமம் அசையவில்லை.

நஸீமா மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வஸீலாவைப் பார்த்தாள். முகத்தை, பிறகு வயிற்றை, பிறகு மறுபடி முகத்தை. ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தாள்.

"நான் ஆபீஸ் கேள்வி மட்டுந்தான் கேப்பேன். மணமாகாதவள்னு உறுதிமொழி எழுதி கையெழுத்துப் போடலாம். பொய்யுன்னு தெரிஞ்சா கோர்ட்டு, கேஸு. யோசிச்சுப் போடு மகளே."

வஸீலா பேனாவை எடுக்கவில்லை. இடுப்பில் கையை ஊன்றி நிமிர்ந்து நின்றாள். அங்கி வயிற்றோடு படிந்தது.

வரிசையிலிருந்து மஞ்சள் முக்காட்டுக்காரியின் குரல் வந்தது. "அண்ணன்காரரே, மாமா ஆகப் போறீங்க போல. மிட்டாய் எங்க?"

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. லக்தர் திரும்பினான். அப்போதுதான் அந்த வயிற்றைப் பார்த்தான். பிறகு கூடத்தைப் பார்த்தான். சுவரோரமாக நின்ற ஆண்கள் அவளைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கல்யாணமாகாத தங்கச்சி, ஆறு மாத வயிறு, பக்கத்தில் வெட்கமில்லாமல் நிற்கும் அண்ணன். ஒரு கிழவர் செருப்புக்காலைத் தரையில் தேய்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

லக்தரின் கழுத்து சிவந்தது.

"தங்கச்சி இல்ல" என்றான்.

"சத்தமா சொல்லுங்க. எனக்குக் காது மந்தம்" என்றாள் நஸீமா மேடம்.

"பொண்டாட்டி. என் பொண்டாட்டி. பாத்திஹா ஓதிக் கட்டினவ. போதுமா?"

அவளுக்காக அவன் அதைச் சொல்லவில்லை. அந்தக் கிழவருக்காகச் சொன்னான். வஸீலாவுக்கு அது புரிந்தது. புரிந்தும் கண்ணில் நீர் முட்டியது. அந்த வார்த்தையை அவன் வெளியார் முன்னால் சொல்லி அவள் கேட்டதே இல்லை.

நஸீமா மேடம் எழுத ஆரம்பித்தாள். அவனுடைய அடையாள அட்டையை வாங்கினாள். மில்லின் பெயரைக் கேட்டாள். கல்யாண நாளைக் கேட்டு அதையும் எழுதினாள். அவனிடம் ஒரு கையெழுத்து, அவளிடம் ஒரு கையெழுத்து. அச்சு இயந்திரம் முனகி ஒரு தாளைத் துப்பியது. மேலே முத்திரை விழுந்தது.

மணமானவர். கணவர் லக்தர், வருமானம் உள்ளவர். உதவிப்பணம் நிறுத்தப்படுகிறது.

"கல்யாணத்துக்கப்புறம் வாங்கினதைத் திருப்பிக் கட்டச் சொல்லித் தனியா நோட்டீஸ் வரும். தவணை கேட்டு எழுதிக் குடுக்கலாம்" என்ற நஸீமா மேடம், தாளை லக்தரின் நீட்டிய கையில் வைக்காமல் வஸீலாவிடம் கொடுத்தாள். "பத்திரமா வச்சுக்க. அவர் கையெழுத்து இருக்கு. கல்யாணத்தைப் பதியக் கோர்ட்டுல உதவும்." அதே அலுத்த குரலில் அடுத்த பெயரைக் கூப்பிட்டாள்.

திரும்பும் வழியில் லக்தர் வண்டி ஓட்டிக்கொண்டே போனில் அம்மாவிடம் மட்டும் பேசினான். "போச்சு, யெம்மா. எல்லாம் போச்சு. திருப்பிக் கட்டணுமாம். ஆமா, அந்த ஹூரியா போன் பண்ணதுதான்."

அடுக்குமாடியின் படிக்கட்டில் கால் வைக்கும்போதே மேலிருந்து சத்தம் கேட்டது. கைரா காத்திருக்கவில்லை. நான்காவது மாடியில் ஹூரியாவின் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். கை முழுக்க மாவோடு வாசலில் நின்ற ஹூரியாவுக்கு என்ன நடக்கிறதென்றே புரியவில்லை.

"என் வீட்டுச் சோத்துல மண்ணப் போட்டுட்டியேடி. நீ நல்லா இருப்பியா? உன் மக நல்லா இருப்பாளா?"

"என்ன கைரா, நான் என்ன பண்ணேன்? எம் மகளை எதுக்கு இழுக்கற?"

"போன் பண்ணிக் கொளுத்திப் போட்டுட்டு மாவு பெசையறியா?"

கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஹூரியாவின் மகள் தாயின் முதுகுக்குப் பின்னால் நின்று அழ ஆரம்பித்தாள். லக்தர் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினான். அவன் கை முறுக்கியிருந்ததை வஸீலா பார்த்தாள்.

வயிற்றைத் தாங்கிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து அவளும் ஏறினாள். மூச்சு வாங்கியது. கடைசிப் படியில் நின்றுகொண்டாள்.

"அவங்கள விடுங்க, யெம்மா. ஹூரியாக்கா பண்ணல."

"உனக்குத் தெரியுமா? வேற யாருடி பண்ணா?"

"நான்."

வஸீலா கைப்பிடியை விட்டுவிட்டு மாமியாருக்கு நேராக நின்றாள்.

"மருந்துக்கடைப் போன்ல இருந்து நான்தான் பண்ணேன். என் பேரு, உங்க மகன் பேரு, மில்லு பேரு எல்லாம் சொன்னேன். ஆஸ்பத்திரியில கேட்டுப் பாத்தேன், நகராட்சியில கேட்டுப் பாத்தேன், உங்ககிட்டயும் கேட்டுப் பாத்தேன். நான் கல்யாணமானவளா இல்லையான்னு தெரிஞ்சுக்க ஆசைப்பட்டது இந்த ஊர்ல அந்த ஆபீஸு மட்டுந்தான், யெம்மா."