தென்னை போடாத வானம்

அன்று கடையில் இருந்தவர்கள் இவர்கள்தான்: முதலாளி, தென்னை, படகு, படங்களுக்கு மரச்சட்டம் அடிக்கும் சட்டக்காரர், படகின் மாமனார். மதியத்துக்கு மேல் கப்பலிலிருந்து வந்த கணவனும் மனைவியும். வேறு யாரும் இல்லை. தாங்களும் உடன் இருந்ததாக எதிர்க்கடைக்காரர்கள் பின்னால் சொல்லிக்கொண்டார்கள். கப்பல் வந்த நாளில் அவர்கள் யாரும் தங்கள் கடையை விட்டு நகரவில்லை.

தென்னை, படகு என்பதெல்லாம் வேலைப் பெயர்கள். தீவுக்கு விடுமுறைக்கு வருகிறவர்கள் வாங்கிப்போகும் ஓவியங்கள் கடையின் பின்னறையில் தயாராயின. ஒரு படத்தை ஒரே ஆள் வரைவதில்லை. முதலில் ஒருவர் வானமும் கடலும் பூசுவார். அது காய்ந்ததும் இன்னொருவர் ஓரத்தில் தென்னை மரங்களை வளைத்து நிறுத்துவார். கடைசியாகப் படகும் அதில் ஆட்களும் வரும். எல்லாம் முடிந்த பிறகு முதலாளி வலது மூலையில் சிவப்பில் ஒரு கையெழுத்துப் போடுவார். அந்தப் பெயரில் ஓவியர் யாரும் கிடையாது.

படகின் கணவன்தான் வானம். இருவருக்கும் கல்யாணம் நிச்சயமானபோது தென்னை சொன்ன வார்த்தையைக் கடைத்தெருவே சொல்லிச் சிரித்தது. "வானம் மேல இருக்கு, படகு கீழ இருக்கு, ரெண்டும் சேர்ந்துடுச்சு. நடுவுல நான் ஒருத்தன் நந்தி மாதிரி நிக்கறேன்."

வானம் இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. காற்று பலமாக அடித்த ஒரு காலையில், கடை முகப்பில் கட்டியிருந்த நிழல்துணி பிய்ந்து பறக்கப் பார்த்தது. மேலே ஏறி அவிழ்க்கும்படி முதலாளி சொன்னார். வானம் கையிலிருந்த பிரஷைத் தண்ணீர் டப்பாவில் போட்டுவிட்டு, மழையில் நனைந்திருந்த தகரக் கூரைமேல் ஏறினான். அந்த பிரஷ் இன்னும் அந்த டப்பாவிலேயே இருந்தது. தண்ணீர் வற்றி, மயிரெல்லாம் நீலமாக ஒட்டிக் கல்லாகிவிட்டது. அதை எடுத்துப் போட யாருக்கும் கை வரவில்லை.

அவன் பூசி வைத்திருந்த மற்ற வானங்களில் வேலை தொடர்ந்தது. தென்னை மரம் போட்டார். படகு படகு போட்டாள். அழுதுகொண்டே போட்டாள் என்றாலும் கோடு பிசகவில்லை. கடைசியாக, கூரையிலிருந்து விழுந்த அன்று காலை அவன் பூசி முடித்த வானம் மட்டும் மிஞ்சியது. மேலே சாம்பல் கலந்த நீலம், கீழே வரவர மஞ்சள், அடியில் ஆரஞ்சு. சூரியன் இறங்கிய இடத்தில், பெயின்ட் காய்வதற்குள் கட்டைவிரலால் ஒரு தேய்ப்புத் தேய்ப்பது அவன் வழக்கம். பிரஷுக்கு வராத ஒரு மங்கல் அதில் வரும். கிட்டப் போய்ப் பார்த்தால் விரல்ரேகை தெரியும். மற்ற படங்களில் அந்த இடத்தின்மேல் படகு ஏறிவிட்டது. இதில் ரேகை அப்படியே இருந்தது. படகு அதைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தாள்.

மாமனார் துறைமுகத்தில் கப்பல்களுக்குக் கயிறு கட்டும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வீட்டை விட்டு இறங்கினால் தேய்த்த சட்டையும் கழுத்துவரை பொத்தானும்தான். சாவு வீட்டுக்கு முதலாளி ஒரு கவரோடு வந்தபோது, அதைப் பிரிக்காமலே அவர் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"என் மகனுக்கு விலை கேட்டு நாங்க யார் வாசலுக்கும் வரல."

"விலைன்னு ஏன் ஐயா சொல்றீங்க? ஏதோ என்னால ஆனது..."

"கடைசியா அவன் பூசின படம் ஒண்ணு அங்க இருக்காமே. மருமக சொன்னா. அதைக் குடுங்க, போதும்."

"அது உங்க சொத்து ஐயா. நாளைக்கே சுருட்டிக் குடுக்கச் சொல்றேன்."

"சுருட்டிக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு வர்றதுக்கு அது என்ன பாயா? சட்டம் போட்டுத்தான் வீட்டுக்கு வரணும். மரம் நான் கொண்டு வர்றேன்."

வீட்டு அலமாரியின் கதவைக் கழற்றி, அவரே தோளில் சுமந்துவந்து சட்டக்காரரிடம் கொடுத்தார். சட்டக்காரருக்குக் கடை வேலை போகத்தான் மற்றதற்கு நேரம். அதனால் இத்தனை நாள் ஆயிற்று.

அன்று காலையில் சட்டம் தயாராகிவிட்டது. சட்டக்காரர் கடைசியாக ஒரு கை வார்னிஷ் அடித்து, அதை ஜன்னலோரம் சாய்த்து வைத்தார். அளவு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காக வானத்தைத் திருப்பிப் பக்கத்தில் நிறுத்தினார். மதியம் தாண்டியும் மாமனார் நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார்.

"ஒட்டுது ஐயா. இன்னும் கொஞ்சம் காயணும். இப்பத் தூக்கினீங்கன்னா உங்க சட்டை போயிடும்."

"காயட்டும். அவசரம் என்ன?"

"தங்கச்சி, வீட்ல எந்தச் சுவர்ல மாட்டப் போறீங்க?" என்று தென்னை கேட்டார்.

"கதவைத் திறந்ததும் தெரியற சுவர்லண்ணே. மாமா ஆணியே அடிச்சு வெச்சுட்டார்."

"அப்ப சரி. ஒரு படமாச்சும் என் தென்னை மரத்துக்குத் தப்பிச்சுதே."

படகு சிரித்தாள். கணவன் போன பிறகு அந்த அறையில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. மாமனார் தரையைப் பார்த்துக்கொண்டார். அவர் முகமும் கொஞ்சம் இளகியிருந்தது.

கப்பல்காரர்கள் இருவரும் அப்போதுதான் வந்தார்கள். அவர் வைக்கோல் தொப்பி போட்டிருந்தார், அந்தம்மா மஞ்சள் கவுன். இருவர் தோளும் வெயிலில் சிவந்து தோலுரிந்திருந்தன. முன்கடையில் சிப்பி மாலை, மர ஆமை, சாவிக்கொத்து எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தார்கள். முதலாளி ஓவியங்களை ஒவ்வொன்றாக இறக்கிக் காட்டினார். அந்தம்மா ஏதோ சொன்னாள்.

"எல்லாம் ஒரே மாதிரி இருக்காம்," என்று முதலாளி உள்ளே பார்த்துச் சலித்துக்கொண்டார்.

"மரத்துக்கு மரம் மூக்கும் முழியுமா வெக்க முடியும்?" என்றார் தென்னை, தன் பிரஷிடம் சொல்வதுபோல.

அந்தம்மா திரையை விலக்கிக்கொண்டு பின்னறைக்குள் வந்துவிட்டாள். ஜன்னல் வெளிச்சத்தில் அந்த வானம் நின்றிருந்தது. அவள் அதன்முன் உட்கார்ந்தாள். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கணவனைக் கூப்பிட்டாள். அவர் வந்து பார்த்தார், தலையை ஆட்டினார், போனை எடுத்து ஒரு போட்டோவைக் காட்டினார். காலையில் படகுச் சவாரி போனபோது இருவரும் எடுத்துக்கொண்டது.

முதலாளி அவர்களோடு பேசிவிட்டு மாமனாரிடம் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஐயா, ஒரு விஷயம். அவங்களுக்கு இதுதான் பிடிச்சிருக்கு. வேற எதையும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேங்கறாங்க. அடியில ஒரு படகு, அதுல இவங்க ரெண்டு பேரு. சாயங்காலம் கப்பல் கிளம்புது."

மாமனார் நாற்காலியில் இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"காலையிலேர்ந்து சாவிக்கொத்துதான் போயிருக்கு. அடுத்த கப்பல் எப்ப வருமோ தெரியாது. உங்களுக்கு இல்லைன்னு சொல்லல. இங்க இவ்வளவு படம் இருக்கு, எது வேணும்னாலும் எடுத்துக்கங்க. ரெண்டா எடுத்துக்கங்க. எல்லாம் உங்க புள்ள பூசின வானம்தானே?"

"நீங்க எனக்குத் தர்றேன்னு சொன்னது எதை?"

"சொன்னேன். இல்லைங்கல. அன்னிக்கே சுருட்டிக் குடுக்கறேன்னேனே. எடுத்துட்டுப் போயிருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காதே ஐயா."

மாமனாரின் கை கழுத்துப் பொத்தானுக்குப் போனது. அது போட்டுத்தான் இருந்தது.

அந்தம்மா இவர் யாரென்று கேட்டாள் போலிருக்கிறது. முதலாளி பதில் சொன்னதும் அவள் முகம் மலர்ந்தது. எழுந்து வந்து மாமனாரின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். மறுபடியும் ஏதோ கேட்டாள். முதலாளி சிரித்தபடி ஒரு வார்த்தை சொன்னார். அவளும் சிரித்தாள்.

தென்னைக்கு அந்த பாஷையில் நாலைந்து சொற்கள் தெரியும். அவர் கையிலிருந்த பிரஷைக் கீழே வைத்துவிட்டார்.

"என்னண்ணே கேக்கறாங்க?" என்றாள் படகு.

"ஒண்ணுமில்லம்மா."

"சொல்லுங்கண்ணே."

"வானம் பூசினவரோட அப்பான்னு முதலாளி இவரைச் சொல்லியிருக்காரு. அப்ப பூசினவர் எங்கேன்னு அந்தம்மா கேக்குது." தென்னை தொண்டையைச் செருமினார். "இன்னிக்கு லீவுன்னு சொல்லிட்டாரு."

படகு எழுந்து மாமனாரின் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மாமா. நீங்க ஒரு வார்த்தை கண்டிப்பாச் சொன்னா குடுத்துடுவார் மாமா. உங்களுக்கு பயப்படுவார். நான் சொன்னா எடுபடாது."

"கேட்டாச்சும்மா."

"இன்னொரு தடவை கேளுங்க. எனக்காக."

"ஒரு தடவை கேட்டதை இன்னொரு தடவை கேக்கற பழக்கம் நம்ம வீட்டுல கிடையாது." குரல் தடுமாறவில்லை. கண் மட்டும் ஜன்னலோரத்துச் சட்டத்தைவிட்டு நகரவில்லை. "குடுக்கறதும் குடுக்காததும் அவர் மரியாதை."

"அவர் மரியாதையை வெச்சு நான் என்ன மாமா பண்றது?"



முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நேரமாகுதும்மா. உன்னால முடியலைன்னா சொல்லிடு. தென்னை போடுவார்."

"எனக்குத் தென்னை மரத்தைத் தவிர ஒண்ணும் வராது முதலாளி," என்றார் தென்னை. "படகு போட்டா அதுவும் மரம் மாதிரிதான் நிக்கும்."

"வராதுன்னா நாளையிலேர்ந்து வர வேணாம். ரெண்டு பேரும்தான். இதை வித்தாத்தான் கதவு திறந்திருக்கும், புரியுதா?"

தென்னை முனகிக்கொண்டே எழுந்து, அந்த வானத்தின் பக்கம் நடந்தார். படகு குறுக்கே வந்தாள்.

"நீங்க தொடாதீங்கண்ணே. நானே போடறேன்."

அவள் படத்தைத் தூக்கித் தன் பலகைமேல் வைத்தாள். போனில் இருந்த போட்டோவை முன்னால் நிறுத்திக்கொண்டாள். சிறிய பிரஷைத் தண்ணீரில் நனைத்து, துணியில் ஒற்றினாள். படகு எங்கே வேண்டும் என்று முதலாளி கேட்டார். தொப்பிக்காரர் குனிந்து, ஆரஞ்சு மங்கியிருந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார். அங்கேதான் அழகாக இருக்கும் என்று அவருக்கும் தெரிந்திருந்தது.

"கொஞ்சம் தள்ளிப் போடட்டுமா? இந்தப் பக்கம்?" என்றாள் படகு.

முதலாளி கேட்டுச் சொன்னார். "அங்கதான் வேணுமாம்."

அவள் இடது கை கட்டைவிரலை அந்த ரேகைமேல் வைத்தாள். அளவு பார்க்கிறாள் என்று கப்பல்காரர்கள் நினைத்திருப்பார்கள். விரலை எடுத்துவிட்டுப் பழுப்பு வண்ணத்தில் முதல் கோட்டை இழுத்தாள்.

படகு முடிந்ததும் ஆட்கள். ஆட்கள் முடிந்ததும் தண்ணீரில் நிழல். அவள் வழக்கமாக எப்படிப் போடுவாளோ அப்படியே போட்டாள். தலைமுடி உலர்த்தும் மெஷினை ஓடவிட்டு ஈரத்தைக் காயவைத்தாள். முதலாளி வலது மூலையில் சிவப்பில் கையெழுத்துப் போட்டார். அந்தம்மா படகின் கன்னத்தோடு கன்னம் வைத்து நன்றி சொன்னாள்.

தங்கள் பெட்டியில் அடங்காது என்று தொப்பிக்காரர் கையை விரித்துக் காட்டினார். முதலாளி சட்டக்காரரைப் பார்த்தார். சட்டக்காரர் குறடால் பின்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, ஓவியத் துணியை அதை இழுத்து அடித்திருந்த கட்டையிலிருந்து கழற்றினார். எண்ணெய்த்தாளை மேலே வைத்துச் சுருட்டி, இரண்டு முனையிலும் ரப்பர் போட்டுக் கொடுத்தார். தொப்பிக்காரர் அதை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அந்தம்மா ஒரு மர ஆமையும் எடுத்துக்கொண்டாள். அதை முதலாளி இனாமாகக் கொடுத்தார்.

அவர்கள் தெருமுனை திரும்பும்வரை மாமனார் உட்கார்ந்தே இருந்தார். பிறகு எழுந்து ஜன்னலோரம் போனார்.

"அது இன்னும் காயல ஐயா," என்றார் சட்டக்காரர்.

"மரம் என்னோடது."

"இப்பவும் ரெண்டு படம் எடுத்துக்கங்கன்னுதானே சொல்றேன்," என்று முதலாளி முன்கடையிலிருந்து சொன்னார். மாமனார் அந்தப் பக்கம் திரும்பவில்லை. சட்டத்தைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டார். தேய்த்த சட்டையின் தோளிலும் முதுகிலும் வார்னிஷ் பட்டை பட்டையாக ஒட்டியது.

"இருங்க மாமா, சாயங்காலம் சேர்ந்து போலாம்," என்றாள் படகு.

"நீ வேலையை முடிச்சுட்டு வா."

அவர் நிமிர்ந்து நடந்து போனார். எதிர்க்கடைக்காரர்கள் கை வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். சட்டத்துக்குள் அவர் தலையும் ஒரு தோளும் தெரிந்தன. தென்னை அடுத்த படத்தை எடுத்துப் படகின் பலகைமேல் வைத்தார். புதிதாக வந்த ஆள் முந்தின நாள் பூசி வைத்திருந்த வானம் அது. அவள் பிரஷைக் கழுவிக்கொண்டாள்.

அன்று அந்தப் படகில் அவள் தன்னையும் தன் புருஷனையும்தான் வரைந்து கடல் கடந்து அனுப்பிவிட்டாள், வாங்கினவர்களுக்கே அது தெரியாது என்று கடைத்தெருவில் இன்றும் ஒரு பேச்சு இருக்கிறது. அப்படியில்லை. அவர்கள் கேட்டபடியே, போட்டோவைப் பார்த்துத்தான் போட்டாள். ஆணுக்கு வைக்கோல் தொப்பி. பெண்ணுக்கு மஞ்சள் கவுன்.